குனிந்து நின்ற ராஜா

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டி ஒரு வக்கீல் வீடு இருந்தது. வீட்டின் முன்கூடம்தான் அவருடைய ஆபீஸ். கட்சிக்காரர்கள் உட்கார நீளமான மரப் பெஞ்சுகள் போட்டிருக்கும். பெஞ்சுகளுக்கு எதிரே கதவோ ஜன்னலோ இல்லாத முழுச் சுவர். அந்தச் சுவரில்தான் என் அப்பா ராஜாவை வரைந்தார். எண்பதுகளின் நடுவில், நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தபோது.

அப்பா ஓவியர் இல்லை. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஒரே பச்சை. ஆயுத பூஜை வந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள். சரஸ்வதியையோ முருகனையோ பெரிய பலகையில் வரைந்து கொடுப்பார். அப்படி ஒரு பூஜைக்கு விருந்தாளியாக வந்த வக்கீல், முருகனைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டது யார்?" என்று விசாரித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்.

அவர் கையில் ஒரு தடித்த ஆங்கிலச் சரித்திரப் புத்தகம் இருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு வண்ணப் படம். ஏதோ ஒரு வெள்ளைக்கார ராஜா, சபை நடுவில் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தான் எழுதுவித்த சட்டப் புத்தகத்தை ஜனங்களுக்குக் கொடுக்கிறான். சுற்றிலும் மந்திரிகள், வீரர்கள், படியில் மண்டியிட்ட கிழவர்கள்.

"இதே விஷயம்தான் வேணும். ஆனா நம்ம ஊர் ராஜாவா இருக்கணும். பேரெல்லாம் வேண்டாம். யாரோ ஒரு ராஜா" என்றார் வக்கீல்.

"புஸ்தகம் வேண்டாம்யா, ஏட்டுச்சுவடி வச்சிருவோம்" என்றார் அப்பா.

"வைங்க. இன்னொண்ணு. இவன் உட்கார்ந்து குடுக்கிறான் பாருங்க, அது எனக்குப் பிடிக்கலை. நம்ம ராஜா எழுந்து நிக்கணும். ரெண்டு படி இறங்கி வந்து, குனிஞ்சு குடுக்கணும். சட்டம்னா அப்படித்தான் குடுக்கணும்."

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் மூன்று நான்கு முறை சொன்னார். "குனிஞ்சு குடுக்கணுமாம். பாத்தியா, பெரிய மனுசன் பேச்ச."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பூந்தமல்லி பஸ் ஏறிவிடுவார். சுவரைத் தேய்த்து, பட்டி பூசி, கரித்துண்டால் கோடு இழுத்து, மெல்ல மெல்லப் படம் ஏறியது. மந்திரிகளுக்கு எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸ் ஆட்களின் முகங்களையே கொடுத்தார். எதிர்வீட்டு வெல்டர் தளபதி ஆனார். பால்காரர் மீசை ஒரு மந்திரிக்குப் போனது. ராஜா மட்டும் என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஐடிஐ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். உயரமானவன். தோள் அகலம். வீட்டில் அப்பா அம்மாவிடம் திருநெல்வேலிப் பேச்சு, வாசல்படி தாண்டினால் மெட்ராஸ் பேச்சு. வக்கீல் வீட்டு முன்கூடத்தில் அம்மாவின் பட்டுப் புடவையை மேல்துண்டாகப் போட்டுக்கொண்டு, பழைய பேப்பர்கட்டை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து நிற்பான். நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வக்கீல் வீட்டு வேலைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் சிரித்தான்.

"எப்பா, இடுப்பு புடிச்சுக்கிச்சு. ராஜான்னா உக்காந்துதான இருப்பான்?"

"அசையாதல. கை முடியப் போவுது."

கை முடிந்தது. கால், இடுப்புக் கச்சை, சுவடி எல்லாம் முடிந்தது. முகம் மட்டும் பாக்கி. கிரீடத்துக்குக் கீழே அரிசிமாவு உருண்டை மாதிரி ஒரு வெற்று வட்டம். அந்த ஞாயிறன்று அண்ணனுக்குப் பட்டாபிராமில் கிரிக்கெட் மேட்ச் இருந்தது. வாசலில் அவனுடைய சேக்காளி சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா மச்சான், வரியா இல்லியா?"

"வந்துகினே கீறேன், இர்ரா."

சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "ஏல, இன்னைக்கு ஒரு நாள் வாலே. மொகம் மட்டுந்தாம்ல பாக்கி. இன்னைக்கு முடிச்சிட்டா அந்த வீட்டுப் பக்கமே நீ வர வேண்டாம்."

அம்மா குறுக்கே புகுந்தாள். "வாரம் ஒரு நாள்தான் லீவு பிள்ளைக்கு. விளையாடட்டும், விடுங்க. அடுத்த வாரம் மொகத்த வரைஞ்சா ராஜா ஓடியா போயிருவான்?"

"வக்கீல் நல்ல நாள் பாத்து வச்சிருக்காரு. ஆபீஸ் தொறக்கணும்."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சேக்காளியைப் போகச் சொல்லிவிட்டு அப்பாவிடம், "நீங்க பஸ்ஸுல முன்னால போங்க. நான் சாப்பிட்டுட்டு சைக்கிள்ல வாறேன்" என்றான்.

அம்மா இட்லி வைத்தாள். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி. சாப்பிட்டான். கண்ணாடி முன்னால் நின்று, "ராஜா மூஞ்சிக்கு பவுடர் போடணுமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, போடாமலே போனான்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைத் திருப்பத்தில் மணல் லாரி.

குவார்ட்டர்ஸில் தகவல் வந்தபோது அம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே, ஒரு பக்கம் எண்ணெய் வழிந்த தலையும் ஒரு பக்கம் வறண்ட தலையுமாக, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். நாங்கள் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனின் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று ஒரு கம்பவுண்டர் அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அப்பாவுக்கு ஆள் போனபோது அவர் சாரத்தின் மேல் நின்று, முகத்துக்கு வேண்டிய நிறத்தைக் கலந்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படியே வந்து சேர்ந்தார். விரல்களெல்லாம் மாநிறப் பெயின்ட். அண்ணனின் தோல் நிறம். அவர் அண்ணனின் நெஞ்சில் கையை வைக்கப் போனார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் கைய எம்பிள்ள மேல வைக்காதீய."

ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அப்பா கையை எடுத்துக்கொண்டார். சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்போதும் அந்தப் பெயின்ட் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க அன்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதற்கப்புறம் அம்மா அப்பாவிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, கத்தவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அவரும் என்னைப் பார்த்து, "பசி இல்லன்னு சொல்லும்மா" என்பார். நான் இரண்டு பக்கமும் எதையும் சொல்லத் தேவையிருக்காது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தால் போதும்.

வக்கீல் ஒருமுறை வந்தார். துக்கம் விசாரித்தார். படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் அப்பாவின் தோளைத் தொட்டு, "அது அப்படியே இருக்கட்டும். வேற ஆளை விட்டு முடிக்க மாட்டேன்" என்றார். முகமில்லாத ராஜாவோடேயே அவர் ஆபீஸைத் திறந்துவிட்டிருந்தார்.

ஒரு வருஷம் போனது. அப்பா மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தார். எங்கே என்று அம்மா கேட்க மாட்டாள். நான் கேட்டேன். "வாறியா?" என்றார். போனேன்.

முன்கூடத்தில் ஞாயிறு ஆனதால் யாரும் இல்லை. சாரம் போட்டிருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணன் குனிந்து என்னையே பார்த்தான். ராஜாவின் மிடுக்கு எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை யாரிடமோ கொடுப்பதுபோல, ஜாக்கிரதையாக, கொஞ்சம் வெட்கத்தோடு சுவடியை நீட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை வைத்தும் ஞாபகத்தை வைத்தும் வரைந்திருக்கிறார்.

"இருக்கானா?" என்று கேட்டார் அப்பா.

தலையை ஆட்டினேன். அவர் சாரத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். கேட்காததுபோல அரிசி களைந்துகொண்டிருந்தாள். சில நாள் கழித்து, ஒரு காலையில் நல்ல புடவை உடுத்திக்கொண்டு, "ஏட்டி, அந்த வக்கீல் வீடு எங்கன இருக்கு? உங்கப்பாவையும் வரச் சொல்லு" என்றாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். ஏரிக்கரைத் திருப்பம் வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா மறுபக்க ஜன்னலைப் பார்த்தார்.

கூடத்தில் கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. சுவருக்குக் கிட்டே போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, முதல்முறையாக நேராக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"எடது புருவத்துத் தழும்ப விட்டுட்டிய."

சின்ன வயதில் குழாயடி மேடையில் விழுந்து வாங்கிய தழும்பு. அப்பா தடுமாறிப்போனார். வக்கீல் வீட்டுக் கொல்லையில் மிச்சம் கிடந்த டப்பாக்களைத் தேடியெடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, புருவத்தின் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள் அம்மா. "போதும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா வழக்கம்போலத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். "அங்கன வெயிலடிக்கும். இங்க வந்து உக்காருங்க" என்றாள் அம்மா.

அதன்பிறகு வியாழக்கிழமை தோறும் அம்மா பூந்தமல்லி போனாள். பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். குமாஸ்தா அந்த ஊர்க்காரர். ஆள் புதிது. ஒருநாள் அவளிடம் வந்தார்.

"இன்னாம்மா, வாரா வாரம் வந்துகினு கீறே. உன் கேஸு இன்னா?"

"கேஸு ஒண்ணும் இல்லய்யா. எம்பிள்ளயப் பாக்க வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள கீறானா? எந்த ஜெயிலு? ஐயாகிட்ட சொல்றேன், ஜாமீன் எடுத்துடலாம்."

அம்மா சுவரைக் காட்டினாள். பாவம் அந்த மனிதர். சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உள்ளே போய் வக்கீலிடம் கேட்டார். வெளியே வந்ததும் ஒரு டம்ளர் டீயை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் எல்லா வியாழனும் அந்த டீ வந்தது.

கட்சிக்காரர்களில் சிலர் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் ராஜாவின் காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். திருமழிசையிலிருந்து நிலத் தகராறுக்காக வந்த ஓர் அம்மாள், தீர்ப்பு தன் பக்கம் ஆனதும், ராஜாவின் கட்டைவிரலில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள். அம்மா எழுந்து போய் முந்தானையால் துடைத்தாள்.

"சாமியாக்கிறாதீய தாயி. இருபத்தொரு வயசுப் பய அவன்."

எனக்குக் கல்யாணம் ஆகி அம்பத்தூருக்குப் போனேன். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெமிலிச்சேரியில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். வக்கீல் காலமானார். அவர் மகன் அதே கூடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். அம்மாவின் வியாழன் நிற்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, அம்மா மட்டும் போய்விட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து அன்றைய சேதியைச் சொல்வாள். யார் வந்தார்கள், எந்தக் கேஸ் முடிந்தது, சுவரில் எங்கே ஈரம் ஏறுகிறது என்று. அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருமழிசையில் என் கணவர் வழி உறவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் டிரங்க் ரோட்டில் போனது. சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையாக எல்லாக் கட்டடங்களுக்கும் முன்பக்கம் இல்லை. வக்கீல் வீடு இருந்த இடத்தில் பாதி வீடு நின்றது. கூடம் இல்லை. சுவர் இல்லை. இடித்துக் கொட்டிய கல்லைக்கூட வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் தரையில் தார் டிரம்கள் நின்றன.

உறவினர் வீட்டுக்குப் போகாமல் இறங்கித் திரும்பினேன். நெமிலிச்சேரி போகும்வரை, இதை எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அன்று வியாழக்கிழமை. அம்மா வீட்டில் இல்லை. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வக்கீல் வீட்டுப் பக்கம் போனியா?" என்றார். நாக்கு குழறும், ஆனால் எங்களுக்கு விளங்கும்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"இடிச்சு ரொம்ப நாளாச்சு. ஃபேக்டரி ஆளு ஒருத்தன் வந்து சொன்னான்."

"அப்ப அம்மா..."

"அவளுக்கும் தெரியும். தெரியாம இருக்குமா? ஆனா போயிட்டு வந்து கத சொல்லுதா. நான் கேட்டுக்கிடுதேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ எதையும் கேட்டுறாத. அதச் சொல்லையிலதான் அவ மொகம் நல்லாருக்கு."

சாயங்காலம் அம்மா வந்தாள். என்னைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். பிறகு கை கால் கழுவிக்கொண்டு, கட்டிலருகே உட்கார்ந்து தொடங்கினாள்.

"இன்னைக்கு நல்ல கூட்டம். சுவத்துல தூசி படிஞ்சிருக்குன்னு குமாஸ்தாட்ட சொன்னேன். அவரே ஒட்டடக் குச்சி எடுத்து மெதுவா தட்டிவிட்டாரு."

அப்பா தலையை ஆட்டினார். "கலர் மங்கிருக்கா?"

"இல்ல. அப்படியே இருக்கான்."

நான் சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் ஏற்றிவிட அம்மா என்னோடு வந்தாள். வழியில் என்னால் அடக்க முடியவில்லை. "எம்மா, நான் இன்னைக்கு அந்த வழியாத்தான் வந்தேன்" என்றேன். அம்மா நடையை நிறுத்தவில்லை.

"இடிச்ச அன்னைக்கு நான் அங்கன இருந்தேன்" என்றாள். "வியாழக்கிழம. நான் போகையில ஆரம்பிச்சிட்டாங்க. மந்திரிமாரு பக்கமெல்லாம் போயிருச்சு. அந்தக் கடப்பாறைக்காரன்ட்ட, சித்த நேரம் பொறுய்யான்னேன். இன்னாம்மா, மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது, அந்தாண்ட போன்னான். அவன் என்ன செய்வான், அவன் வேல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். ராசா இருந்த பக்கம் ஒரே துண்டா விழுந்துச்சு. மொகம் மண்ணப் பாத்து விழுந்துச்சு. உடைஞ்சத நான் பாக்கல."

தெருமுனை திரும்பும்போது சொன்னாள்: "இந்தத் தடவ நான் பக்கத்துல இருந்தேம்லா."

நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வியாழக்கிழம எங்கம்மா போறே?"

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருப்பேன். பஸ் வரும், போவும். சாயங்காலம் திரும்பிருவேன். போகாம வீட்டுல இருந்தா அவுகளுக்குத் தெரிஞ்சிரும்லா? கை விழுந்த மனுசன். இனிம இன்னொண்ணு வரையவா முடியும்?"

அப்பா சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்பாவிடமும் சொல்லவில்லை. மறுபடியும் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன், சின்ன வயதில் இருந்த மாதிரி. ஆனால் இப்போது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இல்லாத சுவரைப் பற்றி வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா அழவில்லை. பிள்ளை போனபோதே கண்ணீரெல்லாம் வற்றிவிட்டது என்று ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் பழைய கோபம் இன்னும் போகவில்லை என்றும் சொன்னார்கள். அதுவும் அவள் காதில் விழுந்தது.

காரியம் முடிந்து, எல்லோரும் ஊருக்குத் திரும்பி, நானும் அவளும் மட்டும் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம், அம்மா கட்டிலின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் நின்றிருந்தது. விசிறிக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றது.

"ஏட்டி, அவுகளுக்குத் தெரியுமா?"

எதை என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. உனக்குத் தெரியும்ங்கிறதும் தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே."

அம்மா விசிறியைத் தரையில் வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டேயா கலர் மங்கிருக்கான்னு கேட்டாக?" என்றாள்.

அவள் காலியான கட்டிலின் மேல் தலையைச் சாய்த்தாள். பிறகு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, அப்பாவுக்காக அழுதாள்.